துக்க வீட்டில் பார்த்த தொடர்

என் கணவர் இறந்தது ஒரு புதன்கிழமை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த டி.வி. தொடரில் தீர்ப்பு சொல்லவிருந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதக் கை கூசுகிறது. ஆனால் என் தலைக்குள் அவை அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அவர் விருத்தாசலத்தில் மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூளைக்கு மேற்பார்வையாளர். அன்றைக்கு மதியம் சாப்பிட்டுக் கை கழுவியவர், கொஞ்சம் உட்கார்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன் வந்தபோது டி.சி. ஒன்றுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். குத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

வீட்டில் நானும் மாமியாரும்தான். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அன்று ராத்திரியே மகள் வந்துவிட்டாள். வேப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் கணவரின் அக்காவும் வந்துவிட்டார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மறுநாள் மணிமுத்தாற்றங்கரையில் எரித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது, அண்ணி பீரோவிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்து டி.வி.யின் மேல் போர்த்தினார்.

“வருஷம் திரும்புற வரைக்கும் இது பேசக் கூடாது” என்றார்.

நான் தலையாட்டினேன். அந்த நிமிடம் எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்தார்கள். கூடத்தில் பாய் போட்டு உறவுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக யாராவது வாசலில் நுழைந்தால் ஒப்பாரி எழும்பும், பிறகு அடங்கி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற பேச்சு கிளம்பும். நான் சுவரில் சாய்ந்து அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். அதில் அவர் கண் கொஞ்சம் மூடியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, இன்று வெள்ளிக்கிழமை, இன்று தீர்ப்பு என்று தோன்றியது.

தொடரில் ஒரு மருமகள். மாமனாருக்கு விஷம் வைத்தாள் என்று பழி. உண்மையில் வைத்தது யார் என்பது பார்க்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும், அந்தக் கோர்ட்டுக்கு மட்டும் தெரியாது. அவ்வளவுதான் கதை. அதில் சிலாகிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் கூண்டில் நின்று இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சியோடு செவ்வாய்க்கிழமை முடித்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. வயிற்றுக்குள் பசி மாதிரி இருந்தது.

நீ எல்லாம் என்ன பொம்பளை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே எழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த போனோடு பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து, உள்ளங்கை அளவு திரையில், வாய் அசைவதை வைத்துப் பேச்சைக் கண்டுபிடித்தபடி பார்த்தேன். புதன், வியாழன் விட்டுப்போனதைத் தள்ளித் தள்ளி ஓட்டினேன். வெள்ளிக்கிழமைக்கு உரியதைக் காலையிலேயே போனில் போட்டுவிடுவார்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லார் முகத்தையும் ஒரு சுற்று காட்டினார்கள். தீர்ப்பு திங்கள்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புருஷனைப் பறிகொடுத்து மூன்று நாளாகாதவள், ஒரு கதையில் வருகிற நீதிபதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

“அம்மாடி” என்றது அண்ணியின் குரல். “தண்ணியத் தொறந்துவுட்டுட்டு உள்ள ஏன் தனியா அழுவுற. வெளிய வா. எங்கிட்ட அழு.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தேன். அண்ணி என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தடவினார். “எங்க முன்னாடி அழுவக் கூச்சப்பட்டுக்கிட்டு இப்படி ஒளிஞ்சி அழுவுறியா” என்று சொல்லிச் சொல்லி அவர் அழுதார். அவருடைய கண்ணீர் என் கழுத்தில் இறங்கியது. அதன் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. அது என் கணவருக்காக வந்ததா, பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா, இன்று வரைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

அது அதோடு போயிருந்தால் நான் மறந்திருப்பேன். அண்ணி விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். “எந்தம்பி பொண்டாட்டி சத்தம் போட்டு அழுவ மாட்டா. பாத்ரூமுக்குள்ள போய்க் கொழாயத் தொறந்துவுட்டுட்டு அழுவுறா. அப்படி இருந்துருக்குதுங்க ரெண்டும்.” கேட்டவர்கள் உச்சுக்கொட்டி என்னைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு நல்ல பேர் கிடைத்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, அதைக் கேள்விப்பட்டே என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

அண்ணி ஊருக்குப் போன பிறகும் தினமும் சாயங்காலம் போன் செய்தார். “அழுதியா” என்று கேட்பார். இல்லை என்றால் நம்ப மாட்டார். “எனக்குத் தெரியாதா உன்ன. ஒடம்பப் பாத்துக்க” என்பார். வேர்க்கடலை வறுத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். நான் அந்தக் கடலையைத் தின்னவே முடியாமல் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் கெட்டவரில்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் சாயங்காலம் வீடு அவருடையது. புருவத்தில் வெள்ளைப் பீங்கான் மாவு ஒட்டியிருக்க எட்டரை மணிக்கு வருவார். வந்ததும் ரிமோட்டை எடுப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பது எந்த இடத்தில் நின்றாலும் நிற்கும், நியூஸ் வரும், நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவார்கள். “அழுதுக்கிட்டே இருக்குறதுல என்னாத்தப் பாக்குற” என்பார். கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கதையையும் நான் ஒரே மூச்சில் முடித்தது கிடையாது. மீதியை மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்ப்பேன். புத்தகமும் அப்படித்தான். கையில் புத்தகத்தைக் கண்டால் அவருக்கு ஏதாவது வேலை நினைவுக்கு வரும்.

கருமாதி முடிந்து, மகள் ஹாஸ்டலுக்குப் போய், நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், எட்டரை மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. யாரும் வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து போய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, அவர் படத்துக்கு முன்னால் சும்மா நின்றேன்.

டி.வி.யைத் தொடக் கூடாது, போனில் அந்தத் தொடரைத் திறக்க அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கூச்சம். அதனால் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேர்ந்தேன். முதலில் எடுத்தது ஒரு கொலைக் கதை. அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி இருந்ததால் செய்தித்தாளால் அட்டை போட்டுக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் அதைத் திறந்ததும் மாமியார் கேட்டார்.

“என்னாது அது, பாராயணப் புஸ்தகமா?”

“ஆமாங்க அத்தை” என்றேன்.

“எனக்கும் படிச்சிச் சொல்லேன். மனசு கெடந்து அடிச்சிக்குது.”

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. பொய்க்கு மேல் பொய் சொல்லக் கதை கட்டத் தெரியாததால் உள்ளதையே படித்தேன். ஒரு மலைத் தோட்டத்துப் பங்களா, மழை, மாடியிலிருந்து ஒரு அலறல். மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது சாமிக் கதை இல்லியே.”

“இல்லீங்க அத்தை.”

“செத்தது யாரு?”

“இன்னும் சொல்லல.”

“அப்ப நிறுத்தாத, படி.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் தரையில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலையை மென்றபடி கேட்பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். ராஜா கதை ஒன்று கொண்டுவந்தேன், அவருக்குப் பிடிக்கவில்லை. “அவனுங்க சண்டைக்கு ஊரு சனந்தான் சாவுது, வேற எடு” என்றார். அக்கா தங்கச்சி இரண்டு பேர் ஒரே வீட்டில் வாழ்க்கைப்படும் குடும்ப நாவல் பிடித்தது. தங்கச்சியைத் திட்டிக்கொண்டே கேட்டார். மகனைப் பறிகொடுத்த அம்மா அவர் என்பது கதை நடுவில் எனக்கு மறந்துவிடும். அவருக்கும் மறந்துவிடுமோ என்னவோ. புத்தகத்தை மூடியதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாயை விரிப்போம்.

ஒருநாள் மூடிய பிறகு அவர் சொன்னார்.

“அவன எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு நான் சோறு தின்னேன். தெரியுமா உனக்கு? பக்கத்து வூட்டுக்காரம்மா ரசம் சோறு கொண்டாந்துச்சி. வேணாம்னுதான் சொன்னேன். அப்பறம் அடுப்பங்கரையில போயி ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். பசிச்சிது.”

நான் என்னுடையதையும் சொல்லியிருக்கலாம். அவரே வாசலைத் திறந்து வைத்திருந்தார். எனக்குத் தைரியம் வரவில்லை. “பசிக்கத்தான செய்யும் அத்தை” என்று மட்டும் சொன்னேன். எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி.

மூன்றாவது மாதமோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நகைச்சுவைக் கதை ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை தெரு மாறி வேறு யார் வீட்டுக்குள்ளேயோ நுழைந்து, வந்தவரை உபசரிக்கிறோம் என்று அவர்கள் வைத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறான். அந்த வீட்டில் பெண்ணே கிடையாது. மாமியாருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

“எம்புள்ள மட்டும் என்னாவாம். உன்னப் பாக்க வந்தப்ப பஜ்ஜித் தட்ட மடியில வச்சிக்கிட்டான். உங்கப்பாரு எடுத்துக்கலாம்னு கைய நீட்டுறாரு, இவன் குடுக்கவே இல்ல.”

அது நிஜம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி அப்போதுதான் முருங்கைக்காய்க் கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

சிரிப்பு நின்ற விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு குறுகுகிறது. ஓடுகிற டி.வி.யின் ஒயரைப் பிடுங்கிவிட்ட மாதிரி நின்றது. அண்ணி கட்டைக் கீழே வைத்தார். என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அன்று அதற்கு அட்டை போட்டிருக்கவில்லை. கோமாளித்தனமான படம் பளிச்சென்று தெரிந்தது.

“தெருமுனையில வரும்போதே சத்தம் கேட்டுது” என்றார் மெதுவாக. “வேற யாரு வூட்டுலயோன்னு நெனச்சேன்.”

“வா, உக்காரு. தண்ணி குடி” என்றார் மாமியார்.

“நீ பெத்தவதான? நீயுமா?” அண்ணி தன் அம்மாவிடம் வேறெதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். “ஊரு பூரா சொன்னேனே உன்னப் பத்தி. பாத்ரூமுல ஒளிஞ்சி அழுதியே, அதெல்லாம் நாடகமா?”

எங்கள் பக்கத்தில் டி.வி. தொடரை நாடகம் என்றுதான் சொல்வோம். அவர் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை. ஆனால் என் காதில் அது அப்படித்தான் விழுந்தது. மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“நான் அழுவல அண்ணி. நாடகம்தான் பாத்துக்கிட்டிருந்தேன். போன்ல. நீங்க தட்டுனப்பறம்தான் அழுதேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். தீர்ப்பு, வெள்ளிக்கிழமை, வாளி, குழாய் எல்லாம் சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். சொல்லச் சொல்ல என் பாரம் இறங்கியதே தவிர, அது போய் எங்கே உட்காருகிறது என்று பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல நல்ல நேரமா அது? மூன்று மாதம் அடக்கி வைத்தவள் இன்னும் கொஞ்ச நாள் அடக்கியிருக்கலாம்.

அண்ணி தண்ணீர் குடிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். மாமியார் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்க் கூப்பிட்டார். திரும்பி வந்து முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி முருங்கைக்காய்க் குழம்புதான். புத்தகம் திறக்கவில்லை.

சாயங்காலப் போன் நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு ஆறு மணியானால் கை போனைத் தேட ஆரம்பித்தது. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாமியார் கூப்பிட்டால் எடுத்து, நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். “போயிப் பாத்துட்டு வா. போன்ல ஆவாது” என்றார் மாமியார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கிளம்பினேன்.

அண்ணி வீடு வேப்பூர் பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் “வா” என்றார். அவ்வளவுதான். உள்ளே போனால் அவர்கள் வீட்டு டி.வி.யின் மேலும் ஒரு துணி. மடிப்புக் கலையாமல், மேலே தூசு படிந்திருந்தது. கூடப் பிறந்தவளுக்கு அப்படி ஒரு கட்டாயம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. அவராகவே போட்டது. “மாமாதான் கொல்லையில உக்காந்து போன்ல பாத்துக்குறாங்க” என்று தன் கணவரைச் சொன்னார், நான் பார்ப்பதைப் பார்த்து. நான் உட்காராமல் மறுபடியும் வாசலுக்கு வந்தேன்.

சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டே பேசினோம். பேசினோம் என்றால், நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பதையும் சொன்னேன். பஜ்ஜித் தட்டைச் சொன்னதும் அவர் கை நின்றது.

“அவன நெனச்சா சிரிச்சீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். “பாதி அவங்கள நெனச்சுதான் அண்ணி. பாதி அந்தக் கதைக்குத்தான்” என்றேன்.

அவர் மறுபடியும் சோளத்தைக் கிளற ஆரம்பித்தார்.

“அவனுக்கு வாயி சரியில்ல. சின்னதுலேருந்தே அப்படித்தான். யாருகிட்டயும் நெறவா ஒரு வார்த்த பேச மாட்டான். செத்தா அழுவ ஆளு வருமான்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ உள்ள அழுவுறன்னு நெனச்சப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சி. அதான் எல்லாருகிட்டயும் சொன்னேன். உனக்குப் பேரு வாங்கித் தரணும்னு இல்ல. எந்தம்பிக்கு அழுவ ஆளு இருக்குதுன்னு சொன்னேன்.”

அவர் பெருமையாகப் பேசுகிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பேரைப் பற்றியே குமைந்துகொண்டிருந்தவளுக்கு, அது அவருடைய தம்பியின் பேர் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

“உனக்கு நல்லவனா இருந்தானா?” என்று கேட்டார்.

“இருந்தாங்க அண்ணி. என்னையும் கொஞ்சம் உக்காரவுட்டிருக்கலாம்.”

“ம்” என்றார். “எங்கப்பாவும் அப்படித்தான்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். பஸ் ஏற்றிவிட அவரே கூட வந்தார். “அம்மாவுக்குப் படிச்சிக் காட்டு, வுட்டுடாத. சத்தமா சிரிக்காதீங்க, தெருவுல பேசுவாங்க” என்றார். “போன எடுங்க அண்ணி” என்றேன். “எடுக்குறேன்” என்றார். எடுக்கவும் செய்கிறார். தினமும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை. அழுதியா என்று இப்போது கேட்பதில்லை.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தனியார் பஸ். டிரைவருக்குப் பின்னால் டி.வி.யில் ஏதோ படத்தின் சிரிப்புக் காட்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி கீழே, ஜன்னலுக்கு நேராக, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நான் கழுத்தைத் திருப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளே இருந்தது. பஸ் கிளம்பியது. கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். சாலை வளைந்து அவர் மறைந்த பிறகும் கொஞ்ச தூரம் வெளியே காய்ந்து கிடந்த சோளக் கொல்லைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், படத்தில் இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன்.